‘ஒழுங்காகப் போட்டால்’: ஒரு இயர் பிளக்கின் நிகழ்வு ஆய்வு

சுண்டுவிரலைவிடச் சிறிய பொருள் அது. ஒரு முனை மஞ்சள், மறுமுனை ராணுவப் பச்சை. இரண்டு முனைகளிலும் மூன்று மூன்று மெத்தென்ற குடைகள், ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக. நடுவில் ஒரு தண்டு. பச்சை முனையைக் காதில் செருகினால் வண்டி, விமானம், ஜெனரேட்டர் போடும் இடைவிடாத இரைச்சல் குறையும். மஞ்சள் முனையைச் செருகினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். துப்பாக்கி வெடிக்கும் அந்தத் திடீர் அடி மட்டும் மட்டுப்படும். அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ‘காம்பாட் ஆர்ம்ஸ்’ இயர் பிளக்கின் இரண்டாம் பதிப்பு இது. தயாரித்தது ஏரோ டெக்னாலஜீஸ். 2008இல் த்ரீ எம் நிறுவனம் ஏரோவைச் சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கியபோது இந்தப் பிளக்கும் கைமாறியது. 2015இல் விற்பனை நின்றது. 2023 ஆகஸ்டில், இந்தச் சின்னப் பொருள் காதைக் காக்கவில்லை என்று படைவீரர்கள் போட்ட வழக்குகளை முடித்துக்கொள்ள 601 கோடி டாலர் தர த்ரீ எம் ஒப்புக்கொண்டது.

வழக்கு நடந்த காலமெல்லாம் நிறுவனம் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: ஒழுங்காகப் பயன்படுத்தினால் இது பாதுகாப்பானது, பலன் தரக்கூடியது.

ஆலைகளில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன் நான். இந்த வழக்கில் என்னை உட்காரவைத்தது அந்தத் தொகை அல்ல, ‘ஒழுங்காக’ என்ற ஒற்றைச் சொல். எந்த ஆலைக்குப் போனாலும் இதே சொல் காதில் விழும். “பிளக் வாங்கிக் கொடுத்துட்டோம் சார், அவங்கதான் ஒழுங்கா போடுறதில்ல.” சரி, ஒழுங்காக என்றால் எப்படி? அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொல்லிக்கொடுத்தது அவர்கள் காதில் ஏறியதா என்று யார் பார்த்தார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கதையைப் படித்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

யோசனை நல்லதுதான்

படைவீரர்களுக்குக் காதை அடைப்பது பிடிக்காது. இருட்டில் கிளை முறியும் சத்தமும் தலைவனின் முணுமுணுப்பும் கேட்காவிட்டால் உயிர் போகும். அதனால் சத்தம் வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று பையில் வைத்திருப்பார்கள். சத்தம் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானது பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து செய்ன்ட் லூயி நகரில் நடத்தும் ராணுவ ஆய்வு நிறுவனம். பிளக்குக்குள் மிக நுண்ணிய துளை உள்ள ஒரு வடிகட்டியை வைத்தார்கள். மெல்லிய ஒலி அந்தத் துளை வழியே சாதாரணமாகப் போய்விடும். வெடிச்சத்தம்போல அழுத்தம் ஏறிய அலை வந்தால், துளைக்குள் காற்று சுழித்துக் குழம்பித் தன்னையே தடுத்துக்கொள்ளும். சத்தம் கூடக்கூடத் தடையும் கூடும். மின்கலமோ சுவிட்சோ தேவையில்லை. அழகான யோசனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு முனையில் இந்த வடிகட்டி, மறுமுனையில் முழு அடைப்பு என்று இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டியதுதான் நம் பிளக். முதலில் நினைத்த வடிவம் சற்று நீளம். வீரர்கள் பிளக் வைத்துக்கொள்ளும் சின்ன டப்பிக்குள் அடங்கவில்லை. அதனால் ராணுவத் தரப்பே குட்டையாக்கச் சொன்னது என்பது நிறுவனம் பின்னாளில் வைத்த வாதம். யார் சொன்னாலும் சரி, தண்டு குட்டையானது. பின்னால் வந்த அத்தனைக்கும் வேர் அந்தக் கொஞ்ச நீளம்தான்.

எட்டுப் பேரோடு நின்ற சோதனை

அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு செவிக்காப்புக்கும் அட்டையில் ஓர் எண் போட வேண்டும். என்.ஆர்.ஆர் என்பார்கள், ஒலிக் குறைப்பு மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளலாம். 1979இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொண்டுவந்த விதி அது. சோதனை முறை இன்னும் பழசு, 1974ஆம் ஆண்டுத் தரநிலை. பத்துப் பேரை அமைதியான அறையில் உட்காரவைத்து, காது திறந்திருக்கும்போது கேட்கும் மிக மெல்லிய ஒலி எது, பிளக் போட்ட பிறகு கேட்கும் மிக மெல்லிய ஒலி எது என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குறைப்பு. ஒவ்வொருவருக்கும் மூன்று முறை.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல குணம் உண்டு. சராசரியை அப்படியே அட்டையில் போடுவதில்லை. பத்துப் பேரின் முடிவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்த்து, அந்தச் சிதறலின் இரண்டு பங்கைச் சராசரியிலிருந்து கழித்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கிடைத்தால் மதிப்பெண் உயரும். சிலருக்கு அருமையாகவும் சிலருக்கு மோசமாகவும் கிடைத்தால் மளமளவென்று சரியும்.

2000 ஜனவரியில், இண்டியானாபொலிஸில் இருந்த ஏரோவின் சொந்த ஆய்வகத்தில் பச்சை முனையைச் சோதித்தார்கள். எட்டுப் பேர் முடிந்ததும் சோதனையை நிறுத்திவிட்டார்கள். கணக்குப் போட்டால் வந்தது 10.9. மஞ்சள் முனையைப் பத்துப் பேரிடமும் முழுதாகச் சோதித்தார்கள். அதற்குக் குறைவான எண் வருவதே நல்லது, பேச்சு கேட்க வேண்டும் அல்லவா. வந்தது மைனஸ் 2. பிளக் சத்தத்தைக் கூட்டிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சிறிய சராசரியிலிருந்து பெரிய சிதறலைக் கழித்தால் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அட்டையில் 0 என்று போட்டார்கள்.

பச்சை முனைக்கு ஏன் இவ்வளவு குறைவாக வந்தது என்பதை நிறுவனத்துக்குள்ளேயே ஆராய்ந்து 2000 ஜூலையில் ஒரு குறிப்பு எழுதினார்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் பெயர் பெற்ற குறிப்பு அது. அதன் சாரம் எளிமையானது. தண்டு குட்டையாக இருப்பதால் சிலருடைய காதில் பிளக் ஆழமாகப் போவதில்லை. செருகும்போது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையின் பெரிய குடை காது வாசலில் முட்டி மடங்குகிறது. விரலை எடுத்ததும் மடங்கிய குடை பழைய வடிவத்துக்கு நிமிரப் பார்க்கிறது. நிமிரும்போது உள்ளே போன பிளக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. போட்டவருக்கே தெரியாத அளவுக்குத்தான் தளர்கிறது. ஆனால் ஒலி புக அந்த இடைவெளி போதும்.

தீர்வும் அவர்களே கண்டுபிடித்தார்கள். வெளியே நீட்டும் முனையின் குடைகளைப் பின்பக்கமாக மடித்துவிட்டு அப்புறம் செருகினால் முட்டாது. அப்படி மடித்துப் போட்டு மறுபடி சோதித்தார்கள். இந்த முறை 22. அட்டையில் ஏறியது இந்த 22தான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிளக் அதே பிளக். நடுவில் மாறியது விரல்கள் செய்த ஒரு வேலை மட்டும். 10.9க்கும் 22க்கும் உள்ள வித்தியாசம் 11 டெசிபல் சொச்சம். ஒலி ஆற்றலில் அது ஏறத்தாழ 13 மடங்கு. ஒரு சின்னக் கைப்பழக்கத்துக்கு 13 மடங்கு மதிப்பு. இதைவிடத் தெளிவாகப் பயிற்சியின் விலையைக் காட்டும் எண்ணை நான் பார்த்ததில்லை. அப்படியானால் அந்தக் கைப்பழக்கமும் பிளக்கோடு சேர்ந்தே போயிருக்க வேண்டும், ஒவ்வொரு வீரனின் கைவரைக்கும். போகவில்லை என்பதுதான் வழக்கு.

நீதிமன்றம்

நிறுவனம் தானாகச் சொல்லி இது வெளியே வரவில்லை. 2012இல் த்ரீ எம், போட்டியாளரான மோல்டெக்ஸ் மெட்ரிக் மீது காப்புரிமை வழக்குப் போட்டு, பிறகு கைவிட்டது. பதிலுக்கு மோல்டெக்ஸ் தொடுத்த வழக்கில் உள் ஆவணங்கள் கைக்கு வந்தன. அவற்றை வைத்து 2016இல் மோல்டெக்ஸ், அரசை ஏமாற்றி விற்றார்கள் என்று ஒரு வழக்குப் போட்டது. 2018 ஜூலையில் த்ரீ எம் 91 லட்சம் டாலர் கட்டி அதை முடித்தது, பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை. பிளக் குட்டை என்பதும், தெரியாமல் தளரும் என்பதும் நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது, ராணுவத்திடம் சொல்லவில்லை என்பதே அமெரிக்க அரசின் நீதித்துறை முன்வைத்த குற்றச்சாட்டு.

அதன்பின் வீரர்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கில் தொடங்கி லட்சக்கணக்கில். 2019இல் எல்லா வழக்குகளும் ஃபுளோரிடாவில் ஒரே நீதிபதியிடம் சேர்க்கப்பட்டன. அமெரிக்க வரலாற்றிலேயே எண்ணிக்கையில் பெரிய கூட்டு வழக்கு என்று அது பேசப்பட்டது. முன்மாதிரியாக 16 விசாரணைகள் நடந்தன. பத்தில் நிறுவனம் தோற்றது, ஆறில் வென்றது. ராணுவம் கேட்டபடி செய்தோம் என்ற தற்காப்பை 2020இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏரோவைத் திவாலாக அறிவிக்க 2022இல் நடந்த முயற்சியும் பலிக்கவில்லை. கடைசியில் அந்த 601 கோடி.

வீரர்கள் தோற்ற அந்த ஆறு விசாரணைகளையும் மறைக்கக் கூடாது. பிளக் சிலருக்கு நன்றாகவே பொருந்தியிருக்கிறது. காது கேளாமைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். காதுக்குள் ஓயாமல் கேட்கும் ரீங்காரம்தான் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் மிக அதிகமாகப் பதிவாகும் குறைபாடு. அவ்வளவுக்கும் ஒரு பிளக்கைப் பொறுப்பாக்க முடியாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: சிலருக்குப் பொருந்தி சிலருக்குப் பொருந்தாத ஒரு பொருள், யாருக்குப் பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் எல்லோருக்கும் போனது. ஆய்வகத்தில் பார்த்த அந்தச் சிதறல் அப்படியே போர்முனைக்கும் போனது.

அட்டையில் உள்ள எண் யாருடையது

அந்தப் பழைய சோதனை முறையில் இன்னொரு விஷயம் உண்டு. பிளக்கைச் சோதனைக்கு வந்தவர் தானே போட்டுக்கொள்வதில்லை. சோதனை நடத்துபவர் போட்டுவிடுகிறார். வாழ்நாளெல்லாம் காதைப் பார்த்துப் பழகிய நிபுணரின் கை அது. அட்டையில் உள்ள எண் அந்தக் கைக்குக் கிடைத்த எண். ஷிஃப்டுக்கு ஓடிவரும் ஆள் ஒரு கையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு மறுகையால் திணித்துக்கொள்ளும் பிளக்குக்கு அது எப்படிப் பொருந்தும்?

இதை ஆய்வாளர்கள் வெகுநாளாகவே அறிவார்கள். அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998இல் ஒரு தள்ளுபடிக் கணக்குச் சொன்னது: காதை வெளியிலிருந்து மூடும் இயர் மஃப் என்றால் அட்டை எண்ணில் கால்வாசியைக் கழி, உருட்டிப் போடும் நுரை பிளக் என்றால் பாதியைக் கழி, மற்ற பிளக்குகள் என்றால் நூற்றுக்கு 70ஐக் கழி. நம் குடை பிளக் மூன்றாவது வகை. 22இல் 70 விழுக்காடு போனால் மிச்சம் 6.6. நாம் வழக்கமாக அளக்கும், காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்திய ‘ஏ’ அளவு டெசிபலுக்கு இன்னொரு 7ஐயும் கழிக்கச் சொல்கிறார்கள். கழித்தால் ஒன்றுமே மிஞ்சாது. தொழிற்பாதுகாப்பு முகமையான ஓஷா வேறு வழி சொல்கிறது: முதலில் 7ஐக் கழி, பிறகு பாதியாக்கு. அப்படிப் பார்த்தால் 7.5.

பிளக்கே வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காத கூட்டத்துக்குப் போடும் மொத்தக் கணக்கு இது. அந்தக் கூட்டத்துக்குள் 25 டெசிபல் வாங்குபவரும் இருப்பார், 3 டெசிபல் வாங்குபவரும் இருப்பார். மேஜையில் உட்கார்ந்து எண்ணைக் குறைத்துப் போட்டால் அந்த 3 டெசிபல்காரருக்கு ஒரு நன்மையும் இல்லை. அவரைத் தேடிப் போக வேண்டும்.

காதருகே நடக்கும் பயிற்சி

பெரும்பாலான ஆலைகளில் செவிக்காப்புப் பயிற்சி என்றால் ஒரு ஹால், ஒரு திரை, காதின் உட்புறப் படம், காலைச் சேவல் மாதிரி கத்தும் மைக். கடைசியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. தணிக்கைக்கு அந்தப் பதிவேடு போதும். நானும் பல வருடம் அப்படித்தான் எடுத்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒருவருடைய விரலையும் நான் பார்த்ததில்லை.

விரலைப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நுரை பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருட்ட வேண்டும். ஊதுபத்திக் குச்சிபோல ஒல்லியாக, மடிப்பு விழாமல். பலர் உருட்டுவதில்லை, பிடித்து நசுக்குகிறார்கள். நசுக்கிய பிளக் காதுக்குள் விரியும்போது சுருக்கங்களோடு விரியும். ஒவ்வொரு சுருக்கமும் சத்தத்துக்கு ஒரு வாய்க்கால். அப்புறம் காது. செவிக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், நேராக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலைப் பின்னோக்கி மேலே இழுத்தால் வளைவு நிமிரும். தலையைச் சுற்றிக் காதைப் பிடிக்கச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் பரவாயில்லை, இழுக்காமல் செருகினால் பிளக் வளைவில் முட்டி வாசலிலேயே நின்றுவிடும். செருகிய பிறகு விரல் நுனியால் அரை நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். நுரை மெதுவாகத்தான் விரியும். கையை உடனே எடுத்தால் விரியும் நுரை தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும். பச்சை முனைக்கு நடந்ததும் இதேதான், பொருள் மட்டும் வேறு.

குடை வைத்த பிளக் என்றால் உருட்டும் வேலை இல்லை. மடலை இழுத்து, தண்டைப் பிடித்து லேசாகத் திருகியபடி உள்ளே தள்ள வேண்டும். அதில் சிக்கல் அளவு. செவிக்குழாயின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு வலதும் இடதும்கூட ஒன்றாக இருப்பதில்லை. ஒரே அளவுப் பிளக்கைப் பெட்டிப் பெட்டியாக வாங்கிவைத்துவிட்டு எல்லோருக்கும் பொருந்தும் என்பது, ஒரே சைஸ் செருப்பை ஊருக்கெல்லாம் கொடுப்பது மாதிரி.

சரியாகப் போட்டோமா என்று கருவி இல்லாமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போல ஒலித்தால் காது அடைந்திருக்கிறது. ஒரு காதில் மட்டும் அப்படிக் கேட்டால் மற்றதை எடுத்து மறுபடி போட வேண்டும். இரைச்சலுக்கு நடுவில் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் வேலை செய்யவில்லை, கைதான் செய்கிறது. எதிரில் நிற்பவர் நேராகப் பார்க்கும்போது நுரை பிளக்கின் முனை வெளியே ஆணி போலத் தெரிந்தால் அது உள்ளே போகவே இல்லை.

இதைவிடத் திட்டமான ஒரு வழியை நியோஷ் எளிமையாக்கி வைத்திருக்கிறது. அமைதியான இடத்தில், பிளக் இல்லாமல், ஓர் ஒலியைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிளக்கைப் போட்டபின் அதே ஒலியை 15 டெசிபல் உயர்த்தி ஒலிக்கவிடுவார்கள். இப்போது கேட்டால் பிளக் 15கூடத் தரவில்லை. எடுத்து மறுபடி போட வேண்டும். கேட்காவிட்டால் சரி. இன்னும் துல்லியமாக, ஒவ்வொரு ஆளுக்கும் எவ்வளவு டெசிபல் கிடைக்கிறது என்று எண்ணாகவே சொல்லும் கருவிகளும் சந்தையில் உண்டு. அப்படிப்பட்ட கருவி ஒன்றை விற்பவர்களில் த்ரீ எம்மும் அடக்கம், அதன் பெயரிலேயே ஏரோவின் பழைய முத்திரை இருக்கிறது. 2025இல் நியோஷ், செவிக்காப்பு அணியும் ஒவ்வொருவருக்கும் இத்தகைய தனித்தனிச் சோதனை வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது.

இந்தச் சோதனையின் பெரிய பலன் அந்த எண்கூட அல்ல. பிளக் போட்டவர் தானே உணர்கிறார். “முதல் தடவை கேட்டுச்சு, ரெண்டாம் தடவை கேக்கல” என்று அவர் வாயாலேயே சொல்லும்போது, எப்படி இருந்தால் அது சரி என்பது அவர் காதுக்குப் பழகிவிடுகிறது. மறுநாள் மிஷின் பக்கத்தில் நின்று அவரே கண்டுபிடித்துவிடுவார். ஹாலில் ஐம்பது பேருக்குப் படம் போட்டால் இது நடப்பதில்லை.

ஒருமுறை சரியாகப் போட்டதோடு முடியவில்லை, அதற்கும் அந்தப் பச்சை முனையே சாட்சி. தெரியாமல் தளர்வது ராணுவ பிளக்குக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. பேசினால், வெற்றிலை மென்றால், கொட்டாவி விட்டால் தாடை அசையும். தாடை அசைந்தால் செவிக்குழாயின் வடிவமும் கொஞ்சம் மாறும். பிளக் மெல்ல நகரும். டீ இடைவேளைக்குப் பிறகு ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை உள்ளங்கைச் சோதனை செய்ய வைத்தால் போதும். சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர். அவரே பிளக் போடாமல் சுற்றிவந்தால் அந்த ஹாலில் யாரும் போட மாட்டார்கள்.

கழற்றுவதைப் பற்றியும் ஒரு கணக்கு. 25 டெசிபல் குறைக்கும் பிளக்கை எட்டு மணி நேர ஷிஃப்டில் அரை மணி நேரம் மட்டும் கழற்றினால், மொத்த ஷிஃப்டுக்கும் கிடைத்த பலன் 12ஆக விழுந்துவிடும். பாதி ஷிஃப்ட் கழற்றினால் வெறும் 3. சமமாகப் பிரித்துக் கழிக்கும் கணக்கு இல்லை இது. திறந்த காதுக்குள் போகும் ஆற்றல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுகிறது. ஆள் ஏன் கழற்றுகிறார்? பெரும்பாலும் பேச. இதனால்தான் பெரிய எண் போட்ட பிளக்கை வாங்கிக் குவிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய வழிகாட்டுதல், பிளக் போட்டபின் காதுக்குள் 70 டெசிபலுக்குக் கீழே போனால் அதிகப்படி அடைப்பு என்கிறது. அவ்வளவு அடைத்தால் மிஷினின் சத்தம் மாறுவது தெரியாது, பின்னால் வரும் வண்டி தெரியாது, தனிமைபோல இருக்கும், கழற்றிவிடுவார்கள். 95 டெசிபல் இரைச்சலில் நாள் முழுக்கக் காதிலேயே இருக்கும் 18 டெசிபல் பிளக், சட்டைப் பையில் இருக்கும் 33 டெசிபல் பிளக்கைவிட எவ்வளவோ மேல்.

திரும்பவும் அந்தக் கதைக்கு

அமெரிக்க ராணுவத்தில் இப்படிப்பட்ட பயிற்சி இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. முன்வடிவம் கொண்ட பிளக்குகளை, அதாவது குடை பிளக் போன்றவற்றை, மருத்துவப் பயிற்சி பெற்றவர்தான் பொருத்திப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய விதியிலேயே உண்டு. எங்களைவிட, நம் ஆலைகளைவிட, எவ்வளவோ நல்ல விதி. ஆனால் குடையை மடிக்க வேண்டும் என்ற செய்தியே பொருத்துபவருக்குப் போய்ச் சேராவிட்டால் அவர் எதைப் பார்த்துப் பொருத்துவார்? பச்சை முனை உள்ளே போனது கண்ணுக்குத் தெரியும். விரலை எடுத்தபின் அது ஒரு மயிரிழை வெளியே வந்தது தெரியாது. கண்ணால் பார்த்துச் சரி சொல்லும் முறை எங்கே தோற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. காதில் ஒலியைக் கேட்கவைத்துச் சோதித்திருந்தால், யாருடைய காதில் குட்டையான தண்டு முட்டுகிறது என்பது கொடுத்த அன்றே தெரிந்திருக்கும். அவர்களுக்கு வேறு பிளக் போயிருக்கும். மற்றவர்கள் அதே மஞ்சள் பச்சைப் பிளக்கோடு நன்றாகவே இருந்திருப்பார்கள்.

இரண்டு முனை என்பதும் ஒரு பயிற்சிப் பிரச்சினைதான். மஞ்சள் முனையைப் போட்டுக்கொண்டு கவச வண்டியில் எட்டு மணி நேரம் போனவருக்கு அட்டையின்படி கிடைக்கும் பாதுகாப்பு 0. எந்த நிறம் உள்ளே, எந்த நிறம் வெளியே என்பதை இருட்டில், அவசரத்தில், கையுறையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துக்கொள் என்று காகிதத்தில் அச்சடிப்பது சுலபம்.

நம் ஆலைகளில் சட்டம் இன்னும் தளர்ந்தது. ஓஷா 85 டெசிபலிலேயே பயிற்சியையும் கேள்திறன் சோதனையையும் தொடங்கச் சொல்கிறது; நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 வரை அனுமதி. இரைச்சலால் வரும் கேளாமை, சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. பட்டியலில் இருக்கிறது, சரி. தறிக்கூடத்தில் பல வருடம் நின்றவரிடம் பேசும்போது நாம் தானாகவே குரலை உயர்த்துகிறோம். அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை, தறிக்காரர் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம்.

நூற்பாலைகளில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. அதனால் பிளக்கைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டுவிட்டு, காலடியில் கிடக்கும் பஞ்சைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொள்வார்கள். மெத்தென்று இருக்கும், உறுத்தாது. சத்தத்தையும் அது பெரிதாக நிறுத்தாது. போன வருடம் கொங்குப் பக்கத்தில் ஓர் ஆலையில், ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒரு அக்கா அப்படித்தான் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார். பிளக் ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். வலது காது வலிக்கிறது, இடது காதில் நிற்பதில்லை, விழுந்துவிடுகிறது என்றார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று, இவங்க எப்பவும் இப்படித்தான் சார் என்றார்.

என் பையில் மூன்று அளவுகளில் மாதிரி பிளக் இருந்தது. வலதுக்குச் சின்னது, இடதுக்குப் பெரியது என்று வைத்துப் பார்த்து, ஒலியைப் போட்டேன். முதல் தடவை இடது காதில் கேட்டது. மடலை இழுத்து மறுபடி செருகச் சொன்னேன். ஒலியை 15 ஏற்றினேன். கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க சார், ரெண்டு காதுக்கும் ரெண்டு சைஸ் குடுப்பீங்களா?”

ஸ்டோருக்குப் போனோம். அலமாரியில் ஒரே அளவில் நாற்பது பெட்டி இருந்தது.